ஷாரோன் சொன்ன வழக்கம்

கம்பியை இதற்கு மேல் சுற்ற வேண்டியதில்லை என்று தெரிந்தும் ஆசீர் சுற்றிக்கொண்டே இருந்தான். நட்சத்திரம் குழாயோடு நன்றாக ஒட்டி நின்றுவிட்டது. வாடைக்காற்று பலமாக அடித்தால் காகிதம் கிழியுமே தவிர நட்சத்திரம் கீழே வராது. ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் மொட்டை மாடியிலிருந்து இறங்க வேண்டும். இறங்கினால் கூடத்தில் மகள் ஷாரோன் இருப்பாள். மத்தியானத்திலிருந்து ஒரு வார்த்தை பேசாமல், சோற்றைப் பிசைந்தது பிசைந்தபடி வைத்துவிட்டு, தம்பியின் வண்ணப் பென்சில்களைச் சீவிச் சீவி அடுக்கிக்கொண்டிருப்பாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு மௌனம் எங்கிருந்து வந்தது என்று யாரிடமும் கேட்க அவனுக்குத் தைரியமில்லை, பதில் அவனுக்கே தெரியும் என்பதால். அவன் குறடை எடுத்துக் கம்பியின் முனையை மடக்கினான். பாளையங்கோட்டை முழுக்க எண்ணெய் காய்கிற வாசனை. பக்கத்து வீட்டில் அச்சு முறுக்கு, எதிர் வீட்டு மாடியில் யாரோ பழைய நட்சத்திரத்துக்குப் புதுக் காகிதம் ஒட்டுகிறார்கள், கீழே தெருவில் பிள்ளைகள் இப்போதே புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். கோயில் கோபுரத்து ஒலிபெருக்கியில் ஒரு ஆள் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளை அதிகாலை ஆராதனையில் அந்த மைக்கில்தான் குருவானவர் பிரசங்கம் செய்யப்போகிறார், அந்தப் பிரசங்கத்தில் ஆசீர் வீட்டைப் பற்றியும் வரப்போகிறது. அதை நினைத்த மாத்திரத்தில் கம்பி முனை விரலில் ஏறியது. வலித்தது. வலித்தது நல்லதாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

காலையில் கோயில் வாசல் வழியாகத் தன் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் பஜார் வழியாகப் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் பஜாரில் கூட்டம். கோயில் வாசலில் தோரணம் கட்டுகிறவர்களுக்கு நடுவில் லில்லி புஷ்பம் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். ஓய்வுநாள் பாடசாலையில் ஷாரோனுக்குப் பாடம் எடுப்பவர். அவரே வந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தம்பி, உங்க வீட்டு வழக்கத்தைப் பத்தி ஷாரோன் சொன்னா, எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு என்றார். ஆசீர் என்ன வழக்கம் என்று கேட்க வாயெடுத்து, ஏனோ கேட்காமல் சிரித்துவைத்தான். அந்தச் சிரிப்பை எண்ணி இப்போது வெட்கமாக இருந்தது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, உங்கள் வீட்டில் கிறிஸ்மஸுக்கு என்ன செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். ஒருத்தி தன் வீட்டில் எல்லோரும் சேர்ந்து குடில் செய்வோம் என்றாளாம், ஒரு பையன் தாங்கள் குடும்பமாக முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடுவோம் என்றானாம். ஷாரோன் எழுந்து சொல்லியிருக்கிறாள்: எங்க வீட்டில் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், அப்பா தான் பேசாமல் இருக்கிற ஒருத்தருக்குப் போன் போட்டுப் பேசுவாங்க, வருஷா வருஷம், பேசி முடிச்ச பிறகுதான் நாங்க கேக் வெட்டுவோம். டீச்சர் இதைக் குருவானவரிடம் சொல்ல, அவர் இதைவிட நல்ல கிறிஸ்மஸ் பிரசங்கம் எனக்குக் கிடைக்காது என்று சொல்லிவிட்டாராம். ஜெபமணி சார் வளர்ப்புன்னா சும்மாவா என்றும் டீச்சர் சொன்னார். ஆசீரின் அப்பாதான் ஜெபமணி சார், டீச்சர் அவரிடம் படித்தவர். இந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் போயிருந்தால் ஒருவேளை அவன் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பான், அப்படியெல்லாம் ஒரு வழக்கமும் கிடையாது டீச்சர், பிள்ளை எதையோ கற்பனையாகச் சொல்லியிருக்கு என்று. இல்லை, சொல்லியிருக்கமாட்டான். அவனுக்கு அவனைத் தெரியும். ஜெபமணி சார் என்ற பேரைக் கேட்டதும் அவனுடைய முதுகு தானாக நிமிர்ந்தது, அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பேருக்குரியவர் கல்லறைக்குப் போய் ஆறு வருஷமாகிறது, முதுகுக்கு அது இன்னும் தெரியவில்லை.

கடையில் மனம் ஒட்டவில்லை. ஒரு பெரியவருக்குக் கண்ணாடி பார்க்கும்போது மேல் வரிசை எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் படித்து முடித்துக் காத்திருந்தது தெரியாமல் நின்றான். மத்தியானம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். வரும் வழியெல்லாம், கோபப்படக் கூடாது, கோபமே இல்லை, ஏன் அப்படிச் சொன்னாய் கண்ணு என்று மடியில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஷாரோனைக் கூப்பிட்டான். அவள் வந்து நின்றாள். அவன் நினைத்து வந்த வார்த்தைகள் வாய்க்கு வரும் வழியில் எங்கேயோ மாறிப்போய், "சொல்லு" என்று மட்டும் வந்தது. அது அவனுடைய குரல் இல்லை. சத்தமே இல்லாத குரல், கத்தாத குரல், எதிரில் நிற்பவன் தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடும்வரை அவசரமில்லாமல் காத்திருக்கிற குரல். ஷாரோனின் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயின. யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? இந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படி நிற்கச் சொன்னதில்லை. அவள் அவனுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், எல்லாரும் ஒண்ணு ஒண்ணு சொன்னாங்க, எங்க வீட்டில் ஒண்ணுமில்லன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. பொய் சொல்லலாமா என்று அவன் கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, ஓடுகிற வண்டியிலிருந்து இறங்க முடியாத மாதிரி மேலும் கேட்டான், பொய் சொன்னா அதுக்கு என்ன பேரு. அடுக்களையிலிருந்து மனைவி பெனிட்டா மாவுக் கையோடு வந்து நின்று அவனைப் பார்த்தாள். "பிள்ள நடுங்குது. பாக்கலையா நீங்க?" என்றாள். அவன் பார்த்தான். நட்சத்திரத்தையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டான்.

ஒண்ணுமில்ல. அந்த வார்த்தையில்தான் மனம் போய்ப் போய்ச் சிக்குகிறது. ஷாரோனால் சொல்ல முடியாத வார்த்தை, ஆசீரின் தம்பி கிங்ஸ்லி சொன்ன வார்த்தை. அப்போது கிங்ஸ்லிக்கும் ஏறக்குறைய இந்த வயசுதான். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்காருவார், மேஜையில் வேதப்புத்தகமும் பக்கத்தில் ஜவுளிக் கடைப் பொட்டலங்கள் இரண்டும் இருக்கும். ஒன்று ஆசீருக்கு, ஒன்று தம்பிக்கு. பாட்டு முடிந்து, வாசிப்பு முடிந்து, அப்பா எந்திரி என்பார். இந்த வருஷம் ஆண்டவரைத் துக்கப்படுத்தினது என்ன என்று கேட்பார். ஆசீர் மூத்தவன், அவன் முறைதான் முதலில். டிசம்பர் பிறந்ததுமே அவன் அதற்குத் தயாராக ஆரம்பித்துவிடுவான். உண்மையில் செய்த தப்புகளைச் சொல்ல முடியாது, அவை ஒன்று மிகவும் பெரியவை, பெல்ட்டை எடுக்கவைக்கும், அல்லது மிகவும் சின்னவை, எதையோ மறைக்கிறான் என்று அப்பாவைச் சந்தேகப்படவைக்கும். அதனால் சரியான அளவில் தப்புகளை மனசுக்குள் செய்துகொள்ள வேண்டியிருந்தது. கணக்கு நோட்டைப் பார்த்து எழுதினேன். ஜெபத்தின்போது கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் சீனி எடுத்துத் தின்றேன். எதையும் அவன் செய்ததில்லை. குரல் எந்த இடத்தில் தழுதழுக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்பா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார், பொட்டலத்தைக் கையில் கொடுப்பார், தலையில் கையை வைப்பார். அந்தக் கையின் கனம். அந்தக் கை தலையில் இருக்கிற நேரத்துக்கு ஆசீர் உண்மையிலேயே மன்னிக்கப்பட்டவனாக இருந்தான், செய்யாத பாவத்துக்கு. செய்த பாவமெல்லாம் அப்படியே உள்ளே இருந்தது. அந்த வருஷம் கிங்ஸ்லி எழுந்து நின்று, அப்பா கேட்டதற்கு, ஒண்ணுமில்ல என்றான். யோசி என்றார் அப்பா. அவன் யோசித்தான், நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தான், அதை ஆசீர் பார்த்தான், யோசித்துவிட்டு மறுபடியும் ஒண்ணுமில்லப்பா என்றான். அப்பா கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. அப்படியானால் நில், ஞாபகம் வரட்டும் என்றார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். அம்மா பரிமாறிக்கொண்டே கிங்ஸ்லியைப் பார்க்காமல் பார்த்தாள். விடிகாலை ஆராதனைக்குக் கிங்ஸ்லி பள்ளிக்கூடக் காக்கிக் கால்சட்டையில் வந்தான், சுற்றிலும் எல்லாப் பிள்ளைகளும் மொடமொடவென்று புதுத்துணியில். யாரோ கேட்டதற்கு அப்பா, அவன் இன்னும் தேடிக்கிட்டிருக்கான் என்றார். அந்தப் பொட்டலம் பீரோவுக்கு மேலே போனது. அடுத்த கிறிஸ்மஸுக்கு எடுத்துப் பார்த்தபோது அந்தச் சட்டை கிங்ஸ்லிக்குப் பத்தவில்லை. அதன் பிறகு அப்பா அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஆசீரின் முறை முடிந்ததும் ஆமென் சொல்லிவிடுவார். தம்பியின் துணியை அம்மா பிற்பாடு உள்ளே வைத்துக் கொடுப்பாள். நிற்கவைத்ததைவிட இதுதான், இப்படிக் கேட்காமல் விட்டதுதான், என்று ஆசீர் பலமுறை நினைத்திருக்கிறான். நினைத்து நினைத்து அந்த வாக்கியத்தை அவனால் ஒருமுறைகூட முடிக்க முடிந்ததில்லை.

ஆனால் அவர் கெட்டவர் இல்லையே. இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றுகொள்கிறார். கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் அப்பா தூக்குச்சட்டியில் கறிச்சோறு எடுத்துக்கொண்டு தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே அவர்களோடு உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருவார், ஒருவருக்கும் சொல்லமாட்டார். பிள்ளைகளின் ஷூவுக்கு அவரே பாலிஷ் போடுவார், கிங்ஸ்லி காக்கிக் கால்சட்டையில் வந்த அந்த வருஷமும் கிங்ஸ்லியின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத்தான் வைத்திருந்தார். அதை என்ன செய்வது? அதை எந்தப் பக்கத்தில் வைப்பது? பிள்ளைகள் உண்மையோடு வளர வேண்டும், கிறிஸ்மஸ் என்பது துணியும் பலகாரமும் மட்டும் இல்லை, அதற்கு ஒரு அர்த்தம் இருக்க வேண்டும் என்றுதான் அவர் அதை ஆரம்பித்திருப்பார். எவ்வளவு நல்ல எண்ணம். அதுதான் ஆசீரைப் பயமுறுத்துவது. கெட்ட எண்ணத்தோடு ஒருவன் தன் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கத்தை உண்டாக்குவானா? எல்லாரும் நல்லதை நினைத்துத்தானே ஆரம்பிக்கிறார்கள். அடக்கத்தன்று ஊரே வந்திருந்தது. குழிக்குப் பக்கத்தில் பெரிய பெரிய மனுஷர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிங்ஸ்லி திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான், கையில் பை கூட இல்லை. மண் போடக் கூப்பிட்டபோது வரவில்லை. ஆசீர் அழுதுகொண்டிருந்தான், தேம்பித் தேம்பி, அத்தனை வயசில் அப்படி அழுவது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கிங்ஸ்லி பக்கத்தில் வந்து, காதோடு, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரிக் கேட்டான், நீ அப்பா போயிட்டாங்கன்னு அழுதியா, பயம் போயிட்டுன்னு அழுதியா. யாரோ கை கொடுக்க வந்தார்கள், அவன் திரும்பிக் கை கொடுத்தான், அதற்குப் பிறகு இன்னொருவர், இன்னொருவர், திரும்பிப் பார்த்தபோது கிங்ஸ்லி இல்லை. ஆறு வருஷம். இருவருக்கும் பேச்சில்லை. சண்டை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஒரு கேள்வி நடுவில் நின்றுகொண்டிருக்கிறது, அதைத் தாண்டிப் போய் நலமா என்று கேட்பது எப்படி என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதானா?

அதனால் இந்த வீட்டில் ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிட்டான். கல்யாணமான புதிதில் பெனிட்டா நான்கு மெழுகுவர்த்தி வாங்கி வந்தாள், கிறிஸ்மஸுக்கு முன்னால் வாரத்துக்கு ஒன்றாக ஏற்றி ஆளுக்கொரு வசனம் வாசிக்கலாம் என்றாள். கடையில் வேலை இருக்கிறது என்று அவன் நழுவினான். ஷாரோன் பேச ஆரம்பித்த பிறகு, பிள்ளையின் பொம்மைகளில் ஒன்றை அவளையே எடுக்கச் சொல்லி அநாதை இல்லத்தில் கொடுத்துவிட்டு வரலாம் என்றாள். நல்ல யோசனை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து, ஒருவர் நடுவில் இருந்து, மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற எந்த ஏற்பாட்டிலும் அவனுக்கு மூச்சு முட்டும். அதை அவளிடம் சொன்னதில்லை. பேக்கரி கேக், பிரியாணி, தூக்கம். பிள்ளைகளுக்குத் துணி எடுத்த அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவான், அவர்கள் அதைப் போட்டு அழுக்காக்கினாலும் ஒன்றும் சொல்லமாட்டான். ஒன்றையும் கேட்கமாட்டேன், ஒன்றையும் வற்புறுத்தமாட்டேன், இந்த வீட்டில் பிள்ளைகள் காற்றாட இருக்கட்டும் என்று நினைத்திருந்தான். அதைத் தன் பிள்ளைகளுக்கு அவன் கொடுத்த பெரிய சொத்து என்றே எண்ணியிருந்தான். அவளோ வகுப்பில் எழுந்து நின்று, அந்தச் சொத்தைத் தேடிப் பார்த்து, கை வெறுமையாக இருப்பதைக் கண்டு பயந்திருக்கிறாள். பயந்து சரியான அளவில் ஒரு பொய்யைச் செய்துகொண்டிருக்கிறாள். யாருடைய பிள்ளை. ஆனால் ஏன் அந்தப் பொய்? குடில் என்று சொல்லியிருக்கலாம், பாட்டு என்று சொல்லியிருக்கலாம். பேசாமல் இருக்கிற ஒருத்தர் என்று ஏன்? இந்த வீட்டில் அவன் கிங்ஸ்லியின் பேச்சே எடுப்பதில்லையே. இப்போது என்ன செய்வது? டீச்சரிடம் போய்ப் பிள்ளை பொய் சொன்னாள் என்று சொன்னால், அவள் வகுப்பில் எல்லார் முன்னாலும் கிங்ஸ்லியின் காக்கியில் நிற்பாள், வேறு விதமான காக்கி. சும்மா இருந்தால் நாளை பிரசங்க மேடையிலிருந்து அந்தப் பொய் இறங்கிவரும், சபை முழுக்கத் திரும்பி இவர்களைப் பார்க்கும், அவள் அந்தப் பார்வையில் உட்கார்ந்து சிரித்தாக வேண்டும். அதை உண்மையாக்கிவிட்டால்? போனை எடுத்துப் போட்டுவிட்டால்? ஊருக்காக, பிரசங்கத்துக்காகப் போன் போடுவது. அதுவும் அப்பா செய்கிற காரியந்தானே. எந்த வாசலைத் திறந்தாலும் அவர் அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

படியில் காலடி கேட்டது. ஷாரோன். அவள் தம்பி ஜோவின் அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி வந்தான், வாய் முழுக்க மாவு. நான்கு வயதாகிறது அவனுக்கு, தனியாகப் படி ஏற இன்னும் பயம். ஷாரோன் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்வதுபோல் ஒரே மூச்சில் சொன்னாள், டீச்சர்கிட்ட நானே சொல்லிடுதேன், நான் சொன்னது பொய்னு சொல்லிடுதேன், போன் மட்டும் போட்டுக் குடுங்கப்பா. அவளுடைய குரல் ஒரு இடத்தில் தழுதழுத்தது. எந்த இடத்தில் தழுதழுக்கும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. அவன் கீழே உட்கார்ந்தான், மாடித் தரையில், கம்பித் துண்டுகளுக்கு நடுவில். உட்கார்ந்ததும் அவள் அவனைவிட உயரமாகிவிட்டாள். வேண்டாம் என்றான். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். மத்தியானம் அப்பா உன்கிட்ட அப்படிக் கேட்டது தப்பு. அவள் நம்பவில்லை, கை இன்னும் பின்னால்தான் இருந்தது. அவன் அவளுடைய கையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டான். விரலெல்லாம் பென்சில் தூள். வெகு நேரம் யோசித்து, நாற்காலியில் உட்கார்ந்து கேட்காத விதமாக எப்படிக் கேட்பது என்று யோசித்து, "வேற எவ்வளவோ இருக்கே கண்ணு, உனக்கு எப்படி அது தோணிச்சு?" என்றான்.

"நீங்க செய்வீங்களே" என்றாள் ஷாரோன்.

அவன் புரியாமல் பார்த்தான். அவள் சொன்னாள், கிறிஸ்மஸ் வந்தா நீங்க போனை எடுத்து ஒரு பேரை வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பீங்க, போன வருஷம் சோபால உக்காந்து பாத்தீங்க, அதுக்கு முந்தின வருஷம் இங்க மாடியில, நான் பின்னால வந்து எட்டிப் பாத்தேன், சித்தப்பா பேருதான் இருந்துச்சு. அப்புறம் போனைப் பைக்குள்ள வச்சிட்டுக் கேக் வெட்ட வருவீங்க. "நீங்க பேசாம வச்சிருவீங்க, நான் பேசுவீங்கன்னு சொல்லிட்டேன். அது மட்டுந்தான்ப்பா பொய்."

ஒன்றுமே இல்லை என்று அவன் நினைத்திருந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது, அதை அவனே வருஷா வருஷம் தவறாமல் செய்திருக்கிறான், ஒரு பிள்ளை கதவோரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது. வேறு என்னவெல்லாம் பார்த்திருப்பாள்? மூச்சு முட்டுவதைப் பார்த்திருப்பாளா, பெனிட்டாவின் மெழுகுவர்த்திகள் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் கிடப்பதை? வெயில் தாழ்ந்துவிட்டது. கோபுரத்து மைக் சரியாகிவிட்டது போலிருக்கிறது, சத்தமில்லை. ஜோவின் கம்பித் துண்டை எடுத்து வாயில் வைக்கப்போனான், ஆசீர் அதைப் பிடுங்கிக்கொண்டான், அவன் சிணுங்க ஆரம்பித்தான். ஷாரோன் மெதுவாக, இந்த வருஷந்தான் ஆரம்பிச்சிருக்கோம்னு டீச்சர்கிட்டச் சொல்லிடலாமா என்றாள். அது பேரம் இல்லை, அவள் வழி தேடுகிறாள், அவனுக்கும் சேர்த்து. குருவானவரிடம் நானே போய்ச் சொல்கிறேன், வருஷா வருஷம் இல்லை, இன்றைக்குத்தான் என்று சொல்கிறேன், மேடையில் சொல்வதும் விடுவதும் அவர் பாடு என்று ஆசீர் சொன்னான். சொல்லி முடிக்கும்போது போன் அவன் கையில் இருந்தது. பேர் வந்துவிட்டது. கட்டைவிரல் அதன் மேல் நின்றது, எப்போதும் நிற்கிற இடத்தில், எப்போதும் நிற்கிற நேரத்துக்கு. பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அழுத்தினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. உள்ளுக்குள் குபுகுபுவென்று ஒரு நிம்மதி, போட்டாயிற்று, அவன் எடுக்கவில்லை, நான் என்ன செய்ய. அந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்று கண்டதும் அவன் கூசிப்போனான். மறுபடி போட வேண்டுமா என்று ஷாரோனைப் பார்த்துக் கேட்கப்போனபோது போன் கையில் அதிர்ந்தது. கிங்ஸ்லிதான்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றது குரல். ஹலோ இல்லை, அண்ணன் இல்லை. பின்னால் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றான் ஆசீர்.

மெஷின் நின்றது. பின்னே எதற்குப் போட்டாய் என்று கிங்ஸ்லி கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி அங்கே இருந்தது. ஆசீர் எழுந்து நின்றிருந்தான், எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் இல்லை. நேரே அதற்கே போனான். கல்லறைத் தோட்டத்தில் நீ கேட்டாயே ஒன்று, அதற்கு நான் பதில் சொல்லவில்லை, இத்தனை வருஷமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றான். பயம் போய்விட்டது என்றுதான் அழுதேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் பயம் போகவில்லை கிங்ஸ்லி, இங்கேதான் இருக்கிறது, இன்றைக்கு மத்தியானம் என் பிள்ளையிடம் பேசினது நான் இல்லை என்றான். கிங்ஸ்லி, நிஜமான குழப்பத்தோடு, நான் என்ன கேட்டேன் என்றான். ஆசீர் சொன்னான், வார்த்தை பிசகாமல். "நானா அப்படிக் கேட்டேன்?" என்றான் கிங்ஸ்லி. "எனக்கு ஞாபகமில்லண்ணே."

ஆறு வருஷம். அப்படியானால் எதற்காக, எதற்காக நீ வரவில்லை, பேசவில்லை என்று ஆசீர் கேட்டான். சின்னப் பிள்ளைத்தனமா இருக்கும், விடு என்றான் கிங்ஸ்லி. ஆசீர் விடவில்லை. கடைசியில் தம்பி சொன்னது இதுதான். "அன்னைக்கு நான் காலையிலேர்ந்து சாப்பிடல. எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிடப் போனாங்க. நீ வந்து கூப்பிடுவன்னு பஸ் ஸ்டாண்டுல நின்னேன். ரெண்டு மூணு திருப்பூர் பஸ்ஸை விட்டுட்டு நின்னேன்."

ஆசீர் குழாயைப் பிடித்துக்கொண்டான். அவன் வாழ்ந்துகொண்டிருந்தது வேறு ஒரு கதையில், தம்பி நின்றுகொண்டிருந்தது ஒரு பஸ் ஸ்டாண்டில். தம்பியைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. கோபத்தால் இல்லை, வெறுப்பால் இல்லை, தோன்றவில்லை. மற்றவர்கள் சாப்பிடும்போது கிங்ஸ்லி நிற்பது என்பது அவனுக்கு எந்த வயசிலோ பழகிப்போயிருந்தது. அந்த நினைப்பு உள்ளே இறங்க இறங்க அவன் கண்ணை மூடிக்கொண்டான். மன்னிச்சிரு என்பது மிகவும் சின்னதாக, தயார் செய்துவைத்த சொல்லாக இருந்தது, அதை அவன் இதற்கு முன்னால் எத்தனையோ பொய்களுக்குச் செலவழித்திருக்கிறான். பின்னால் ஜோவின் கம்பித் துண்டுக்காக ஓங்கி அழுதான். யாரு அழுதது என்று கிங்ஸ்லி கேட்டான். ரெண்டாவது, பையன், ஜோவின் என்றான் ஆசீர். ஓ என்றான் கிங்ஸ்லி. அந்த ஓவுக்குள் அவனுக்குத் தெரியாமல் பிறந்து படி ஏற ஆரம்பித்துவிட்ட ஒரு பிள்ளை இருந்தது.

"இப்ப சாப்பிட்டியா?" என்றான் ஆசீர்.

இல்லை, பனியன் கம்பெனியில் பொங்கல் ஆர்டர் நிறைய இருக்கிறது, வேலைக்கு இருக்கிற பசங்களெல்லாம் லீவு, மனைவியும் ஊருக்குப் போயிருக்கிறாள், மத்தியானத்துக்கு நானே கட்டிக்கொண்டு வந்தது அப்படியே இருக்கிறது என்றான் கிங்ஸ்லி. அது கெட்டிருக்காதே என்று ஆசீர் கேட்டான். புளிச்சோறுதான், கெடாது. அப்படியானால் எடுத்து வைத்துச் சாப்பிடு என்றான் ஆசீர், நான் போனை வைக்கவில்லை, நீ சாப்பிடு. கிங்ஸ்லி, என்னண்ணே இது, என்றான். உட்காரு முதல்ல என்றான் ஆசீர். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம், பிறகு டப்பா மூடி இறுக்கமாக இருந்து திறந்துகொள்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஆசீர் மறுபடியும் தரையில் உட்கார்ந்தான். ஷாரோன் ஜோவினை இழுத்து மடியில் போட்டு அவன் வாயைப் பொத்திக்கொண்டு, பேசுறாங்களா என்று சைகையில் கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டு, போனை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தான். மூன்று பேரும் குனிந்து கேட்டார்கள். வெகு தூரத்தில், யாரும் இல்லாத ஒரு கம்பெனியில், ஒருவன் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை நின்றது, மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஏதோ கேட்டது, பிறகு மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தான்.